ஞானஜோதி பிடித்த முதலிடம்

கல்யாண ரிசப்ஷனில் பாடுகிறவர்களுக்குப் பெயர் கிடையாது. ஆண் குரல், பெண் குரல், அவ்வளவுதான். மாப்பிள்ளையும் பெண்ணும் போட்டோவுக்கு நின்று கன்னம் வலிக்கச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் பந்தி எப்போது காலியாகும் என்று சாப்பாட்டுக் கூடத்தின் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். மீதிப் பேர் செல்போனில் கத்துவார்கள். எதிராளி பேசுவது கேட்கவில்லை என்று பாடுகிறவளை முறைப்பார்கள். இத்தனைக்கும் நடுவில், யாரோ பாடிப் புகழ் வாங்கிய பாட்டை அந்த யாரோ மாதிரியே பாடிவிட்டு இறங்க வேண்டும். நன்றாகப் பாடினால் "அப்படியே அவங்க குரல்" என்பார்கள். பிசகினால் "யாரும்மா இது?" என்பார்கள். பெயரை விசாரிப்பது அப்போது மட்டும்தான்.

தாம்பரம் ஞானஜோதி இப்படித்தான் பல வருஷமாகப் பாடிக்கொண்டிருந்தாள். குரோம்பேட்டையிலிருந்து கூடுவாஞ்சேரி வரை ஜி.எஸ்.டி. ரோட்டில் அவள் பாடாத மண்டபம் இல்லை. பகலில் சேலையூரில் ஒரு தனியார் பள்ளியில் இரண்டாம் வகுப்பு டீச்சர். கணவர் துரைராஜ் ரயில்வேயில் டிக்கெட் கவுண்டரில் இருந்தார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிப் பழகிய மனிதர். மனைவி பாடப் போவதை அவர் ஒருநாளும் தடுத்ததில்லை. ஒருநாளும் வந்து உட்கார்ந்து கேட்டதும் இல்லை.

குழு பர்வேஸுடையது. கீபோர்டு வாசிப்பான், மேடையில் பேசுவான், கல்யாண வீட்டாரிடம் குழைவான், மைக்செட்காரனிடம் சீறுவான். ஞானஜோதியைவிட நாலைந்து வயது சின்னவன். 'அக்கா' என்று அவன் கூப்பிட்டால் வாய் நிறைந்திருக்கும். அவள் பையனுக்குக் காய்ச்சல் வந்தபோது ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் அவன்தான். ரம்ஜானுக்கு அவன் வீட்டுப் பிரியாணியும் கிறிஸ்துமஸுக்கு இவள் வீட்டுக் கேக்கும் தவறாமல் இடம் மாறிக்கொண்டிருந்தன.

மெல்லிசைக் குழுக்களில் ஒரு பழக்கம் உண்டு. கூட்டத்தில் தங்கள் ஆள் ஒருவனைக் கடைசி வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். பாட்டு முடிகிற இடத்தில் அவன் "ஒன்ஸ்மோர்!" என்று கத்த வேண்டும். ஒருவன் கத்தினால் பக்கத்தில் இருக்கிற நாலு பேருக்கும் உற்சாகம் பிறந்துவிடும். பர்வேஸ் குழுவில் அந்த உத்தியோகம் வேன் டிரைவர் சிட்டிபாபுவுக்கு. அவனுக்குத் தொண்டை நல்ல தொண்டை. நியாயமாகப் பார்த்தால் அவனைத்தான் பாட விட்டிருக்க வேண்டும்.

குழுவில் சேர்ந்த புதிதிலேயே ஞானஜோதி பர்வேஸிடம் சொல்லிவிட்டாள்.

"மத்தவங்களுக்கு எப்படியோ போகட்டும் பர்வேஸ். என் பாட்டுக்கு மட்டும் ஆள் வைக்காதே. யாரும் கேக்கலைன்னா பரவால்ல, நான் பாட்டுக்குப் பாடிட்டு இறங்கிடறேன்."

"அல்லா மேல சத்தியமாக்கா. உங்க குரலுக்கு ஆளு வேற வெக்கணுமா?" என்றான் அவன்.

அவன் சொன்னது சரிதான் என்று பட்டது. அவள் தனியாகப் பாடும் ஒரு சோகப் பாட்டு இருந்தது. அதற்கு அனேகமாக எல்லா மண்டபத்திலும் 'ஒன்ஸ்மோர்' வந்துவிடும். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் வேனில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு அந்தக் குரலை அவள் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பாள். பெயர் தெரியாவிட்டால் என்ன, இன்னொரு தடவை கேட்க வேண்டும் என்று ஒருவருக்காவது தோன்றியிருக்கிறதே. வாரம் முழுக்க எழுத்துப் பிழை திருத்த அது போதும்.

இரண்டாயிரத்து எட்டில் பர்வேஸுக்குச் சொந்தமாகப் பாட்டுப் போடும் ஆசை வந்தது. எழுதியதும் அவனே, மெட்டுப் போட்டதும் அவனே. 'பாதிக் குடை' என்று பெயர். "குடையில பாதி உனக்கு, மழையில பாதி எனக்கு" என்று தொடங்கும். ஞானஜோதி பாடினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக, யார் மாதிரியும் பாடத் தேவையில்லாத பாட்டு. முதல் இரண்டு டேக்கில் எப்படிப் பாடுவது என்றே அவளுக்குப் புரியவில்லை. பிறகு தன் குரலில் பாடினாள்.

பாட்டைக் 'குயில்தோப்பு' என்ற இணைய வானொலியில் ஏற்றினார்கள். நாவலூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்த ஷ்யாம்சுந்தர் என்பவர் நண்பர்களோடு சேர்ந்து ஆசைக்கு நடத்தியது அது. சினிமாவில் இடம் கிடைக்காதவர்களின் பாட்டு மட்டும்தான் அதில் வரும். வாரா வாரம் முதல் பத்துப் பாட்டு என்று ஒரு பட்டியலும் உண்டு. முன்னெல்லாம் நேயர்கள் எஸ்.எம்.எஸ். அனுப்பி ஓட்டுப் போடுவார்கள், ஒரு போனுக்கு ஒரு ஓட்டு. ஷ்யாம்சுந்தர் அதை மாற்றினார். பாட்டைக் கேட்காதவன்கூட நண்பனுக்காக ஓட்டுப் போட்டுவிடுகிறான், உண்மையில் உட்கார்ந்து கேட்கிறவன் அல்லவா ரசிகன், ஆகவே இனிமேல் ஒரு பாட்டு எத்தனை தடவை கேட்கப்படுகிறதோ அதுதான் கணக்கு என்று சொல்லிவிட்டார். நல்ல எண்ணம்தான். கம்ப்யூட்டரில் பாட்டு ஓடினால் எதிரில் ஒரு ஜோடிக் காது இருக்கும் என்று அந்தப் பிள்ளை நம்பியிருக்கிறது.

'பாடியவர்: ஞானஜோதி துரைராஜ்.'

பள்ளி ஆபீஸ் கம்ப்யூட்டரில் அந்த வரியைப் பார்த்தபோது அவள் பாட்டைப் போட்டுக் கேட்கவே மறந்துபோனாள். பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று வீட்டில் துரைராஜிடம் சொன்னாள். அவர் "நம்ம பேரையும் சேர்த்தா போட்டிருக்கான்?" என்று கேட்டுவிட்டு, தானாகவே இன்னொரு கேள்வியும் கேட்டார். "அது எங்க போய்க் கேக்கணும்?" அந்த மனிதரிடமிருந்து இது பெரிய விஷயம்.

பாட்டு முதலில் பட்டியலின் அடியில் எங்கேயோ நுழைந்தது. அடுத்த வாரம் நடுவுக்கு வந்தது. அதற்கு அடுத்த வாரம் ஒரே தாவலில் முதலிடம். அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. காட்டாங்குளத்தூரில் படிக்கும் மஹீன் என்ற மாணவனின் பாட்டு அதுவரை முதலில் இருந்தது. அது இரண்டாவதாக இறங்கியது.

பள்ளியில் ஞானஜோதி மைசூர்பாகு கொடுத்தாள். தலைமை ஆசிரியை அபிதகுஜாம்பாள் அம்மாள் யாரையும் எளிதில் பாராட்டுகிற ரகம் இல்லை. அவரே காலைப் பிரார்த்தனையில் மைக்கைப் பிடித்து, "நம்ம ஜோதி மிஸ் நம்பர் ஒன் சிங்கர்" என்று அறிவித்தார். பிள்ளைகள் கைதட்டின. பர்வேஸுக்கு வளசரவாக்கத்தில் ஒரு சினிமா ரிக்கார்டிங் தியேட்டரிலிருந்து அழைப்பு வந்தது. முதலிடம் பிடித்த பாட்டுக்கு இசை போட்டவன் என்று தேடி வந்த அழைப்பு. வருஷக் கடைசியில் காட்டாங்குளத்தூரில் குயில்தோப்பு நடத்தும் விழாவில் முதலிடக்காரர் மேடையேறிப் பாட வேண்டும். பேனரில் பெயர் வரும். பந்தி கிடையாது, போட்டோ கிடையாது, கேட்பதற்கென்றே வந்து உட்கார்ந்த கூட்டம். ஞானஜோதிக்கு வேண்டியதெல்லாம் அது ஒன்றுதான்.

ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. மஹீனின் பாட்டை ஷேர் ஆட்டோவில் கல்லூரிப் பெண்கள் முணுமுணுத்தார்கள். ஸ்டேஷன் படியில் ஒரு பையன் விசிலடித்துக்கொண்டு போனான். 'பாதிக் குடை'யை முணுமுணுத்த வாய் ஒன்றையும் அவள் தெருவில் பார்க்கவில்லை. என் பாட்டைக் கேட்கிறவர்கள் அமைதியானவர்கள் போலிருக்கிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆசை வந்துவிட்டால் மனசு எத்தனை நல்ல வக்கீலாகிவிடுகிறது!

விழா அழைப்பிதழுக்கு அவளுடைய போட்டோ வேண்டும் என்று ஷ்யாம்சுந்தர் கேட்டிருந்தார். அதை ஸ்கேன் பண்ணி அனுப்ப ஒரு சனிக்கிழமை காலையில் சண்முகம் ரோட்டுப் பக்கம் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போனாள். அதை நடத்தியவன் காஜா, பர்வேஸின் மனைவிக்குத் தம்பி.

"வாங்கக்கா, வாங்க! நம்பர் ஒன்னே நம்ம கடைக்கு வந்துகிதே!" என்று எழுந்து நின்றான் காஜா.

கல்லூரி லீவு. கடையில் ஒரு ஆள் இல்லை. பிளைவுட் தடுப்புப் போட்ட கேபின்கள் காலியாகக் கிடந்தன. போட்டோவை அவனிடம் கொடுத்துவிட்டு அவள் சும்மா நின்றாள். கொசு பாடுவதுபோல மெல்லிசாக ஏதோ கேட்டது. முதல் கேபினுக்குள் எட்டிப் பார்த்தாள். ஆணியில் ஹெட்போன் மாட்டியிருந்தது. சத்தம் அதிலிருந்து வந்தது. எடுத்துக் காதில் வைத்தாள்.

குடையில பாதி உனக்கு.

அடுத்த கேபினுக்குப் போனாள். அங்கே மழையில் பாதி. அதற்கு அடுத்ததில் பாட்டு முடிந்து, மறுபடி தொடங்கியது. எல்லாக் கேபினிலும் அவளே பாடிக்கொண்டிருந்தாள். எதிரில் பிளாஸ்டிக் நாற்காலிகள். யாருமே இல்லாத அறையில், நாற்காலிகளுக்காகத் தன் குரல் அப்படி உருகிக்கொண்டிருப்பதைக் கேட்கக் கேட்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. தன்னைத் தானே கூடாத இடத்தில் பார்த்துவிட்ட வெட்கம்.

"இது என்ன காஜா?"

"உங்க பாட்டு தாங்க்கா! கடைய தொறந்தா மொத வேலையே அதான். எல்லா சிஸ்டத்துலயும் போட்டு வுட்ருவேன். கஸ்டமர் வந்தா சவுண்ட மட்டும் கம்மி பண்ணி ஓரமா தள்ளிடுவேன். அது பாட்டுக்கு சுத்திகினே கெடக்கும். குரோம்பேட்டைல மச்சானோட ப்ரெண்டு கடை கீது, அங்கயும் ஓடுது."

"யார் போடச் சொன்னா?"

"இன்னாக்கா இப்புடி கேக்குறீங்க? மச்சான் தான். உங்களுக்குத் தெரியாதா?" காஜாவின் சிரிப்பு பாதியில் நின்றது. "நீங்க ரெண்டு பேரும் பேசிகினு தான் பண்றீங்கன்னு நெனச்சேன். பேஜார் ஆயிடும்னா சொல்லுங்க, நிப்பாட்டிடறேன்."

அவள் வெளியே வந்து நேராகப் பர்வேஸ் வீட்டுக்கு நடந்தாள். ஸ்கேன் பண்ணிய போட்டோவைக் காஜாவே ஒழுங்காக அனுப்பி வைத்துவிட்டான்.

பர்வேஸ் வீட்டில் இருந்தான். கீபோர்டை உறையில் போட்டு, வளசரவாக்கத்துக்குக் கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்தான். அவள் கேட்டதற்கு அவன் அதிர்ச்சியடையவில்லை. அதுதான் அவளுக்கு அதிர்ச்சி.

"அக்கா, டென்ஷன் ஆவாதீங்க. நம்பர் ஒன்னுன்னு போட்டாத்தான் ஜனம் இன்னான்னு எட்டிப் பாக்கும். ஒருத்தன் ஆரம்பிச்சு வுட்டா நாலு பேரு தானா வருவான். காட்டாங்குளத்தூர் பசங்க சும்மா கீறாங்கன்னு நெனச்சீங்களா? ஹாஸ்டல் பூரா கம்ப்யூட்டரு."

"அவங்க என்ன பண்றாங்கன்னு எனக்குத் தெரியாது. என் பாட்டுக்கு ஆள் வைக்காதேன்னு அன்னைக்கே சொன்னேன்ல?"

"ஆளு எங்கக்கா வெச்சேன்?" என்றான் பர்வேஸ். "கம்ப்யூட்டர் தானே வெச்சேன்."

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவனைப் பொறுத்தவரை அது சரியான பதில். நாளைக்கே நிறுத்தச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தான். அவள் நம்பினாள். அன்றைக்கே ஷ்யாம்சுந்தருக்கு ஒரு போன் போட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம், போடவில்லை. நிறுத்திவிட்டால் பாட்டு தானாக இறங்கிவிடும், இறங்குகிற இடத்தில் இருந்துவிட்டுப் போகட்டும், யாருக்கும் தெரிய வேண்டாம் என்று நினைத்தாள். விழாப் பேனரைப் பற்றிய நினைப்பும் ஒரு ஓரத்தில் இருக்கத்தான் செய்தது. அவளும் மனுஷிதானே.

பர்வேஸ் நிறுத்தவில்லை. வளசரவாக்கத்தில் வேலை நிரந்தரமாகும்வரை முதலிடம் அவனுக்குத் தேவைப்பட்டது.

மஹீன் புகார் கொடுத்தான். ஷ்யாம்சுந்தர் நோண்டிப் பார்த்தார். 'பாதிக் குடை'யைக் கேட்டவர்கள் எல்லாம் அனேகமாக இரண்டே இணைப்பிலிருந்து, காலையிலிருந்து கடை மூடும்வரை மூச்சு விடாமல் கேட்டிருந்தார்கள். மறுநாள் குயில்தோப்பின் முதல் பக்கத்தில் அறிவிப்பு வந்தது: 'பாதிக் குடை', பாடியவர் ஞானஜோதி துரைராஜ், முறைகேடாகக் கணக்கு ஏற்றியதற்காகப் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறது. பக்கத்தில் அவளுடைய போட்டோ. அழைப்பிதழுக்கு என்று பார்த்துப் பார்த்துச் சேலை கட்டி எடுத்துக்கொண்ட அதே போட்டோ. பட்டியலில் பாடியவர் பெயர் மட்டும்தான் போடுவார்கள். இசை போட்டவன் பெயருக்கு அங்கே இடமே இல்லை.

அபிதகுஜாம்பாள் அம்மாள் அறைக்குக் கூப்பிட்டார். திட்டவில்லை. "பசங்க முன்னாடி நானே மைக்ல சொல்லிட்டேனே, மிஸ்" என்று மட்டும் சொன்னார். மைசூர்பாகு தின்ற வாய்கள் ஸ்டாஃப் ரூமில் அவள் நுழைந்ததும் மூடிக்கொண்டன. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

பர்வேஸுக்குப் போன் போட்டாள். ஒரு வரி போதும்; அக்காவுக்கு ஒன்றும் தெரியாது என்று அவன் ஷ்யாம்சுந்தரிடம் சொன்னால் போதும். அவனுடைய காலர் டியூன் 'பாதிக் குடை'. அவள் குரலே அவளுக்குப் பாடிக் காட்டிவிட்டு, முடிகிறவரை யாரும் எடுக்காததால் நின்றது. மறுபடி போட்டாள். மறுபடி பாடினாள். சில நாள் கழித்துப் போட்டபோது காலர் டியூன் மாறியிருந்தது. ஏதோ புதுப் படத்துப் பாட்டு. அன்றைக்குத்தான் அவள் அழுதாள்.

கடைசியில் ஷ்யாம்சுந்தருக்கே போன் செய்தாள். மரியாதையாகத்தான் பேசினார்.

"மேடம், பர்வேஸ் சார்கிட்ட அப்பவே கேட்டேன். அவருக்கு எதுவும் தெரியாதாம். மேடம் பக்கத்து ஆளுங்க ஆர்வத்துல பண்ணியிருப்பாங்கன்னு சொன்னாரு. ஐ ஆம் சாரி, எனக்கு வேற வழி தெரியல."

"மேடம் பக்கத்து ஆளுங்க," என்று அவள் மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். அவள் பக்கத்து ஆள் என்று இருந்தவன் அவன் ஒருத்தன்தான்.

"இன்னொண்ணு சொல்லணும் மேடம்," என்று ஷ்யாம்சுந்தர் தயங்கினார். "அந்த ரெண்டு எடத்துக் கணக்க எடுத்துட்டுப் பார்த்தேன். அப்பவும் உங்க பாட்டு எட்டாவது எடத்துல இருந்திருக்கும். நெஜமாவே கேட்டிருக்காங்க. திருப்பித் திருப்பிக் கேட்டவங்களும் இருக்காங்க. ஆனா ரூல்படி மொத்தமா எடுக்கத்தான் வேணும்."

எட்டாவது இடம். போனை வைத்த பிறகும் அவள் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். எங்கேயோ முகம் தெரியாத சில பேர், யாரும் சொல்லாமல், யாரும் கத்தாமல், அவள் குரலுக்காகவே உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். முதலிடம் அவளுடையது இல்லை, போனால் போகட்டும். எட்டாவது இடம் அவளுடையது. பர்வேஸ் அதையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போய்விட்டானே என்று வயிறு எரிந்தது. துரைராஜிடம் சொன்னாள். "அதுல நானும் ஒருத்தன்," என்றார் அவர், அவள் கேட்காமலேயே. "ஆபீஸ் சிஸ்டத்துல தினம் ஒருக்கா." அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

விழா நடந்தது. மஹீன் பாடினான். அவள் போகவில்லை.

பர்வேஸ் சினிமாவோடு போய்விட்டான். குழுவைச் சிட்டிபாபு எடுத்து நடத்தினான். வேன் அவனுடையது, கீபோர்டுக்குப் பல்லாவரத்திலிருந்து ஒருவரை அமர்த்திக்கொண்டான். "நீங்க வந்தாத்தாங்க்கா குழு," என்று வீட்டுக்கே வந்து கெஞ்சினான். தை பிறந்ததும் குரோம்பேட்டையில் ஒரு ரிசப்ஷன். அவள் போனாள். எல்லாம் பழையபடி இருந்தது. அவளுடைய சோகப் பாட்டைப் பாடினாள். நன்றாகவே பாடினாள், அது அவளுக்குத் தெரியும். முடித்துவிட்டு வழக்கமாக நிற்பதுபோல ஒரு நிமிஷம் மைக்கைப் பிடித்தபடி நின்றாள்.

ஒன்றும் வரவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் கரண்டிச் சத்தம் கேட்டது. எங்கோ ஒரு குழந்தை அழுதது.

மேடை ஓரத்தில் நின்ற சிட்டிபாபுவிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். "என்ன சிட்டிபாபு, இன்னைக்கு யாருக்கும் இந்தப் பாட்டு பிடிக்கலை போல."

"ஐயோ, மறந்தே பூட்டேங்க்கா!" சிட்டிபாபு தலையில் அடித்துக்கொண்டான். "எப்பவும் பர்வேஸ் பாய் தான் கண்ணு காட்டுவாரு. மத்தவங்களுக்கு வுட்டாலும் வுடு, அக்கா பாட்டுக்கு மட்டும் கண்டிப்பா கத்திடணும்னு சொல்லி வெச்சிருந்தாரு. இப்ப நானு இங்க நிக்குறேன், பின்னாடி ஆளு இல்ல. அடுத்த பாட்டுக்கு போயி கத்தட்டுமா?"

எத்தனை மண்டபம், எத்தனை வருஷம். வேனில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் நினைத்து நினைத்துப் பார்த்த அந்தக் குரல், முன் சீட்டில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அவளோடேயே வந்திருக்கிறது.

"வேண்டாம் சிட்டிபாபு. நீ இங்கேயே நில்லு."

அடுத்த பாட்டையும் பாடினாள். வேகமான பாட்டு, எப்படியோ பாடி முடித்தாள். முடிந்ததும் நடு வரிசையிலிருந்து ஒரு பெண் குரல், "ஒன்ஸ்மோர்!" என்றது.

ஞானஜோதி அந்தப் பக்கம் பார்க்கவில்லை. சிட்டிபாபுவைத்தான் திரும்பிப் பார்த்தாள். அவன் வாய் நிறையத் தண்ணீரோடு, நான் இல்லை, நான் இல்லை என்று இரண்டு கையையும் ஆட்டினான்.

"ஒன்ஸ்மோர்!" என்று அந்தக் குரல் மறுபடியும் கேட்டது.

ஞானஜோதி கீபோர்டுக்காரரிடம் அடுத்த பாட்டின் பெயரைச் சொன்னாள்.